யாரை வைத்து எழுதினீர்கள்?

கேள்வி: எனக்கு 54 வயது, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். துணைப்பாட வகுப்பு எடுப்பதை நிறுத்திய பிறகு எழுதத் தொடங்கினேன். ஒரு மாத இதழில் என் முதல் தொடர்கதை வந்துகொண்டிருக்கிறது. டாக்சி ஓட்டிய கணவர் இறந்த பிறகு, அவருடைய வண்டி நம்பரையே வாராவாரம் ‘ஃபோர் டி’ என்கிற நாலு இலக்க லாட்டரியில் வாங்கும் ஒரு பெண்ணின் கதை. உண்மையைச் சொன்னால், அப்படி வாங்குபவர் என் நாத்தனார். பெயர், பேட்டை, பிள்ளைகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஆனாலும் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர் ஒருவர், "அது நம்ம அக்காதானே?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். அடுத்த மாதம் நூலகத்தில் வாசகர் சந்திப்பு. தொடருக்கு உந்துதல் எங்கிருந்து வந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பமே வருகிறது, நாத்தனாரும் வருகிறார். யாராவது கேட்டால் என்ன சொல்வது? பெரிய எழுத்தாளர்கள் மாதிரி சொல்ல என்னிடம் ஒரு ஃபோர் டி சீட்டைத் தவிர ஒன்றுமில்லை. கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை. நம்பர் எப்போது விழும் என்று வாசகர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். இதுவரை வந்த அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
(பெயர் வெளியிட வேண்டாம், ஈசூன்)

பதில்: சகோதரிக்கு வணக்கம். கூட்டத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். இந்த வாரமே நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிற வேலை வேண்டாம். இதழ்களைக் கையோடு கொண்டுபோய், "அக்கா, நீங்க நம்பர் வாங்குறத வச்சு ஒரு கதை எழுதிட்டேன், படிச்சீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கல்யாண வீட்டில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார் என்றால், விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. நீங்களாகச் சொல்லட்டும் என்று அவர் பேசாமல் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை பேர் நடுவில் ஒலிவாங்கி வழியாகத் தெரிந்துகொள்வதைவிட, அவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளட்டும்.

‘பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று தொடரின் அடியில் போட்டிருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அந்த வரியைச் சொந்தக்காரர்கள் நம்பியதாகச் சரித்திரம் இல்லை. பெயரையும் பேட்டையையும் மாற்றினீர்கள், சரி. பிஸ்கட் டின்னை மாற்றவில்லையே! இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் பழைய சீட்டுகளை ஒரு டின்னில் சேர்த்து வைத்திருக்கிறாள். சூட்டில் அச்சாகும் தாள் என்பதால் ஆரம்பகாலச் சீட்டுகளில் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. இருந்தும் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. இதை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது என்று எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதா?

இன்னொன்று. கதையில் வரும் நாலு இலக்கம் அவர் வாங்கும் நிஜ நம்பர் என்றால், புத்தகமாகும்போது மாற்றிவிடுங்கள். இந்த ஊரில் ஒரு நம்பரை அச்சில் ஏற்றினால், சனிக்கிழமை ஆறு மணிக்குள் யாராவது போய் வாங்காமல் விடமாட்டார்கள். (விழுந்தால் எழுத்தாளருக்குப் பங்கு உண்டா என்பது தனி வழக்கு.)

நாத்தனார் முகம் சுளித்தால், கூட்டத்தில் அந்தச் சீட்டைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பேச்சு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தொடர் எங்கிருந்து பிறந்தது என்பதற்கு ஆளைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் எழுதிய தொடர்களில் ஒன்று தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைச் சுற்றி நடக்கும். 1998ல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையைத் தீவின் வடக்கு எல்லையில் இருக்கும் உட்லண்ட்சுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவின் சோதனை தஞ்சோங் பகாரிலேயே தங்கிவிட்டது. அதனால் வடக்கே போகிறவர் முதலில் மலேசியச் சோதனையை முடித்துக்கொண்டு ரயில் ஏறுவார். அப்புறம் புக்கிட் தீமா வழியாகத் தீவைக் கடந்து, உட்லண்ட்சில் இறங்கித்தான் சிங்கப்பூரைவிட்டு வெளியேறும் சோதனை. அதாவது அங்கே நுழைந்தாயிற்று, இங்கிருந்து இன்னும் கிளம்பவில்லை! கதை எழுதுகிறவனுக்குக் கை அரிக்காமல் இருக்குமா? அந்த நடுப்பொழுதில் ஜன்னலோரம் ஒருவனை உட்கார வைத்தால் அவன் யாராக இருப்பான் என்று யோசித்தேன். சிங்கப்பூரில் ஒரு குடும்பம், மலேசியாவின் குளுவாங்கில் ஒரு குடும்பம் வைத்திருப்பவனாக வந்து உட்கார்ந்தான். ரயில் தீவைக் கடக்கும் நேரத்துக்கு மட்டும் அவன் யாருக்கும் கணவன் இல்லை. புக்கிட் தீமா நிலையத்தில் ஓட்டுநரும் நிலைய ஊழியரும் ஒற்றைப் பாதைக்கான சாவியைக் கைமாற்றிக்கொள்வதை அவன் எட்டி எட்டிப் பார்ப்பான். அந்தச் சாவி கையில் இருந்தால்தான் அடுத்த பகுதியில் எதிரே வண்டி வராது என்பதற்கு உத்தரவாதம். இரண்டு வீட்டுக்காரனுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

முடிவைக்கூட நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் ஓட்டிக்கொண்டு போனதுதான் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயில். மறுநாளிலிருந்து ரயில் உட்லண்ட்சில்தான் கிளம்பியது. என் ஆளுக்கு ஒளிந்துகொள்ள இருந்த அந்த ஒரு பொழுதும் போயிற்று.

இவ்வளவும் ஒரு குடிநுழைவு நடைமுறையிலிருந்து வந்தது. ஆனால் தொடர் வந்தபோது என்னைக் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "அந்த ரெண்டு பொண்டாட்டிக்காரர் யாரு?" இரண்டு குடும்பங்கள் அது தங்கள் பெரியப்பாதான் என்று முடிவுகட்டி, இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த இரண்டு பெரியப்பாக்களையும் நான் பார்த்ததுகூட இல்லை. ஆக, ஆளை வைத்து எழுதினாலும் இந்தக் கேள்வி வரும், விதிமுறையை வைத்து எழுதினாலும் வரும். வருவதை நிறுத்த முடியாது. அதற்கு அடிபணிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பெரிய எழுத்தாளர்கள் மாதிரி சொல்ல ஒன்றுமில்லை என்கிறீர்கள். இந்தத் தாழ்வு மனப்பான்மைக்குக் கல்கியும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். ‘சிவகாமியின் சபதம்’ முன்னுரையில், மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது கதை மாந்தர்கள் மனக்கண் முன் எழுந்ததைப் பற்றி அழகாக எழுதிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து தொடர்கதை எழுதும் எல்லோருக்கும் ஒரு கடற்கரை தேவைப்படுகிறது. நானும் ஈஸ்ட் கோஸ்ட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சத்தே சுடும் வாசனைதான் வந்தது.

அதே கல்கியின் ‘பொன்னியின் செல்வனை’ எடுத்துக்கொள்ளுங்கள். 1950ல் தொடங்கி 1954 வரை வாராவாரம் ஓடிய தொடர். அதன் நாயகன் வந்தியத்தேவன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் எப்படி வருகிறான் தெரியுமா? குந்தவை கொடுத்த கொடைகளைச் சொல்லும்போது, அவரை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்கிறது. அந்த இடத்தில் அவன் இன்னாருடைய கணவன், அவ்வளவுதான். ஆதித்த கரிகாலன் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ரவிதாசன் முதலான துரோகிகளின் பெயரைச் சொல்கிறது, அவர்களையும் உறவினர்களையும் சேர்ந்த சொத்தைப் பற்றிச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்து பாகம் வந்திருக்காது.

உங்கள் சீட்டும் அப்படித்தான். அவர் ஏன் வாங்குகிறார்? ஆசையா, வேண்டுதலா, வெறும் பழக்கமா? நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லை என்பது கதையிலேயே தெரிகிறது. கேட்டிருந்தால் ஏதோ ஒரு பதில் வந்திருக்கும், கதை ஒரு பக்கத்தோடு முடிந்திருக்கும். கேட்காததால் அத்தியாயம் அத்தியாயமாக அதைத் தேடிக்கொண்டு போகிறீர்கள். கூட்டத்தில் பேச வேண்டியது இந்தத் தேடலைத்தான். நாத்தனார் அதை நீங்கள் பார்த்த இடம், அவ்வளவே.

அதைவிட முக்கியமாக, ஏழாம் அத்தியாயத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடுவதற்கு முன் நீண்ட வரிசை. அந்தப் பெண் தன் நம்பரைச் சொல்கிறாள். பின்னால் நிற்கும் ஒரு வயதானவரும் அதே நம்பரைச் சொல்கிறார். திரும்பிப் பார்த்தால், அதே டாக்சியை ராத்திரியில் ஓட்டியவர். "எங்க வண்டிம்மா" என்கிறார். படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன். இங்கே பல டாக்சிகளுக்குப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று இரண்டு ஓட்டுநர்கள் உண்டு. சாயங்காலம் நாம் கை காட்டினால் ‘ஷிஃப்ட்’ மாறுகிறது என்று நிற்காமல் போகிறார்களே, அந்த நேரத்தில்தான் வண்டி கைமாறும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவள் தன் கணவருடையது என்று நினைத்திருந்த நாலு இலக்கத்தில் இன்னொருவருக்கும் பாதி உண்டு என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். இது நாத்தனாரிடமிருந்து வந்ததா? வந்திருக்காது என்றே படுகிறது. ஆறாம் அத்தியாயம் சற்றுத் தொய்கிறது, அங்கே நீங்கள் சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம் எங்கேயோ டாக்சிக்குக் காத்திருந்தபோது இவர் வந்திருக்க வேண்டும். அந்த நாளைப் பற்றிப் பேசுங்கள். எழுத நினைக்கிறவர்கள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

தொடர்கதைக்கு உந்துதல் தொடக்கத்தில் ஒரு தடவை வந்தால் போதாது. இதழுக்கு இதழ் வரவேண்டும், அதுவும் கெடு தேதிக்கு முன்னால். எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது ஒரு பெண்மணி, "அந்தக் குளுவாங்காரி ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறா?" என்று கேட்டார். அடுத்த சில வாரங்கள் அவள்தான் பேசினாள். இன்னொரு தடவை ஓவியர் என் ஆளின் மடியில் ஒரு டிபன் கேரியரை வரைந்துவிட்டார். எழுத்தில் அது கிடையாது. எந்த வீட்டுச் சாப்பாடு என்று யோசித்ததில் ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது. இப்படி யாரும் கைகொடுக்காத வாரங்களில் விக்டோரியா தெரு தேசிய நூலகத்துக்குப் போய்ப் பழைய தமிழ் முரசு நாளிதழ்களைப் புரட்டுவேன். தலைப்புச் செய்திகளை விட்டுவிட்டுச் சிறு விளம்பரங்களைப் பாருங்கள். யார் எதைத் தேடினார்கள், எதை விற்றார்கள் என்பதில் ஏன் என்ற கேள்வி எப்போதும் பாக்கி இருக்கும்.

சரி, கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் போகிறார்கள். நாத்தனார் சம்மதித்திருந்தால், "தெரிந்த ஒருவர் வாங்குவதைப் பார்த்தேன், ஏன் என்று புரியவில்லை, அதனால் எழுதினேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். பெயர் வேண்டாம், உறவுமுறை வேண்டாம். சம்மதிக்காவிட்டால், "அதைச் சொன்னால் இன்னொருவருடைய கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். ராத்திரி ஓட்டுநர் எப்படி வந்தார் என்று வேண்டுமானால் சொல்கிறேன்" என்று திருப்பிவிடுங்கள். யாரையும் வைத்து எழுதவில்லை என்று மட்டும் சாதிக்காதீர்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடத்துநரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், கிண்டுகிறவர்களை அவர் பார்த்துக்கொள்வார். நாத்தனாரே எழுந்து "நான்தான் அது" என்றால்? அப்படியும் நடக்கும். ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள்.

நம்பர் விழ வேண்டுமா என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விழ வேண்டாம். முதல் பரிசு அடித்துவிட்டால் அடுத்த புதன்கிழமை அவள் வரிசையில் நிற்கக் காரணம் இல்லாமல் போகும். அவள் உடம்பு சரியில்லாமல் வாங்காமல் விட்ட வாரத்தில் ராத்திரி ஓட்டுநருக்கு மட்டும் விழுகிறது என்ற முடிவு உங்களுக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் உடனே தோன்றியது, அதனாலேயே அது வேண்டாம். எது முடிவோ, அதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள், நாத்தனாரும் ஒன்று சொல்லக்கூடும். அவர் சொல்வது உங்களுடையதைவிட நன்றாக இருந்து மாற்றத் தோன்றினால், இந்தத் தடவை அவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.