கோஸ்ட் ரைட்டர் என்றால் யார்? பிரபலங்கள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே எழுதுவதில்லையா?

பல பேர் எழுதுவதில்லை. அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, அவர்கள் குரலிலேயே எழுதிக் கொடுக்கிற ஆள்தான் கோஸ்ட் ரைட்டர். கல்யாணப் பத்திரிகையில் வீட்டார் பெயர்தான் இருக்கும், சாம்பார் வைத்த தவசுப்பிள்ளை பெயரை யார் போடுகிறார்கள்?

வாழ்க்கை ஒருவரிடம் இருக்கிறது, அதை முந்நூறு நானூறு பக்கம் அலுக்காமல் சொல்லும் கை இன்னொருவரிடம். பதிப்பகத்துக்கு இரண்டும் வேண்டும். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் 'ஓப்பன்' (2009), இளவரசர் ஹாரியின் 'ஸ்பேர்' (2023), இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஜே. ஆர். மோரிங்கர் என்ற ஒரே ஆள், அதுவும் அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் வாங்கிய பத்திரிகையாளர். அகாசி அட்டையில் அவர் பெயரையும் போடலாம் என்றார், மோரிங்கர்தான் வேண்டாம் என்றுவிட்டார் (எனக்கென்னவோ நான் போடச் சொல்லியிருப்பேன்).

அப்புறம், இதைத் திருட்டு என்று நினைத்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. திருட்டு என்பது கேட்காமல் எடுப்பது, இங்கே ஒப்பந்தம் போட்டு, காசு பேசித்தான் எழுதுகிறார்கள்.