தாத்தாவின் மந்திர ஏடும் பெரியப்பாவின் தயக்கமும்

கேள்வி: எங்கள் தாத்தா தேள்கடி, பாம்புக்கடி, கண்ணேறுக்கு மந்திரித்தவர். அவருடைய ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. பெரியப்பாவுக்குச் சில மந்திரங்கள் மனப்பாடம். ஆனால் வெளியே சொன்னால் பலிக்காது என்கிறார். எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பெரியப்பாவின் ஒலிப்பதிவை முதலில் முடியுங்கள், ஏட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலிக்குமா என்று அவரோடு வாதாடாதீர்கள். பதிவு வீட்டோடு இருக்கும், அவர் சம்மதமில்லாமல் யூடியூபில் ஏறாது என்று சொல்லி, அப்படியே நடங்கள். நூலகத்துக்குப் பிரதி கொடுத்தாலும் இந்த நிபந்தனையை எழுத்தில் கேட்கலாம்.

மந்திரிப்பவர்கள் உதட்டுக்குள்தான் முணுமுணுப்பார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, சட்டையில் குத்தும் மைக் வைத்து, வேவ் கோப்பாக (48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்) பதியுங்கள். முதல் தடவை வேப்பிலை, திருநீறு சகிதம் அவர் வழக்கப்படியே செய்யட்டும், வீடியோவும் எடுங்கள். அடுத்த தடவை, எழுதிக்கொள்ளத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொல்லட்டும். எங்கே ஊதுகிறார், எத்தனை உரு (எத்தனை முறை சொல்கிறார்), யாரிடம் உபதேசம், கிரகணத்தன்று உருவேற்றினாரா, தீட்டுக் காலத்தில் என்ன விலக்கு என்பதையும் கேட்டுப் பதியுங்கள். இதெல்லாம் இல்லாமல் வெறும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வாளரால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

ஏட்டை மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோல் வைத்து, இரு பக்கமும் படமெடுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையையோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ கேளுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது.

பெயர்த்தெழுதும்போதுதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு. ‘சுவாகா’ என்றிருந்தால் ‘ஸ்வாஹா’ ஆக்காதீர்கள். காதால் கேட்டுக் கைமாறி வந்த வடிவம் அது. ௱௮ என்பது 108 உரு. அதையும் யூனிகோடில் அப்படியே அடிக்கலாம். உங்கள் ஊகத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள்.

பாம்புக்கடி மந்திரத்தை என்றாவது வெளியிட நேர்ந்தால், கடிபட்டவரை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற குறிப்பை அதன் தலையிலேயே போடுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சுக்கும் அங்கே முறிமருந்து உண்டு. அதற்கு வேண்டிய நஞ்சை 1978-இல் தொடங்கிய, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கமும் எடுத்துத் தருகிறது.