டிராக் ஓட்டுற காடிக்குப் பின்னாடி டிஃப் கியரை எப்படி செட் பண்ணா பல்லு உடையாது?

தம்பி, கேஈ70-ல (பழைய டொயோட்டா கொரோலா) டர்போ ஏத்தின பிறகு ஒரே வருஷத்துல டிஃப்ல (பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சு விடுற கியர் பெட்டி) ரெண்டு கிரௌன் வீல், அதாவது உள்ள இருக்குற பெரிய பல் சக்கரம், போச்சு, இன்னும் பெரிய டிஃப் வாங்கணுமானு கேட்டிருக்கீங்க. வாங்குறதுக்கு முன்னாடி உடைஞ்ச பல்லை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் உடைஞ்சிருக்குனு.

நான் சுங்கை சிப்புட். ஹைலக்ஸ் 8 இன்ச் டிஃப் மாட்டி செப்பாங்ல 402 மீட்டர் டிராக் ஓட்டப் போனேன், ரெண்டாவது லாஞ்ச்லயே (நின்ன இடத்துல இருந்து முழு வேகமா பாயுறது) டப்புனு ஒரு சத்தம், காடி நகரல. பிரிச்சா பல்லோட வெளி மூலை மட்டும் பேந்து வந்திருக்கு. செட் பண்ண போமன் (மெக்கானிக்) கையால ஆட்டிப் பாத்துட்டே மூடிட்டாரு, பெயிண்ட் தடவிப் பாக்கவே இல்ல. லோடு ஏறும்போது பினியனும் (கிரௌன் வீலைச் சுத்த வைக்குற சின்ன கியர்) கிரௌன் வீலும் ஒண்ணையொண்ணு தள்ளி விலகும், அப்ப பல்லு படுற இடம் வெளி முனைப் பக்கமா நகந்துடும், ஏற்கனவே அங்கதான் பட்டுக்கிட்டு இருந்துச்சுன்னா மொத்த அடியும் அந்த மூலைக்குத்தான். அதனால டிராக் காடிக்கு நடுவுல இருந்து கொஞ்சம் உள் முனைப் பக்கமா படுற மாதிரி வைக்கணும், லாஞ்ச்ல அது தானா நடுவுக்கு வந்துடும்.

முதல்ல பினியன் ஆழம். மஞ்சள் பெயிண்ட் தடவி சுத்துங்க, தடம் பல்லு உச்சியில விழுந்தா ஷிம் (பினியன் ஆழத்தை மாத்த வைக்குற மெல்லிய தகடு வளையம்) கூட்டுங்க, அடியில விழுந்தா குறைங்க. இதுல அவசரப்படக் கூடாது, நான் ஒரு டிஃப்புக்கு அஞ்சு தடவை பேரிங் கழட்டி மாட்டியிருக்கேன். பேக்லாஷ், அதாவது ரெண்டு கியரோட பல்லுக்கும் நடுவுல விடுற இடைவெளி, டொயோட்டா சொல்றது 0.13-ல இருந்து 0.18 மில்லிமீட்டர், டயல் கேஜ் வச்சு சுத்தி நாலஞ்சு இடத்துல பாருங்க, ஒரே இடத்துல பாத்துட்டு விட்டா கிரௌன் வீல் கோணையா உக்காந்திருக்கறது தெரியாமப் போயிடும்.

அப்புறம் பினியனோட ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்குற அந்த நசுங்குற ஸ்லீவ். ஸ்லிக்ஸ் டயர் (ரோட்டைக் கவ்விப் பிடிக்குற வழவழப்பான ரேஸ் டயர்) போட்டு கிளட்ச்சை விட்டா அந்த அடியில அது இன்னும் நசுங்கும், பேரிங் இறுக்கம் போயிடும், பினியன் ஆட ஆரம்பிச்சா நீங்க செட் பண்ணது எல்லாம் வீண், அதனால சாலிட் ஸ்பேசர் போட்டு ஷிம் வச்சு இறுக்கம் பிடிங்க. அந்த சின்ன சாமானுக்குக் காசு பாக்காதீங்க தம்பி. கிரௌன் வீல் போல்ட்டுக்கு சிவப்பு லாக்டைட் (போல்ட் கழலாம பிடிக்குற பசை), டார்க் ரெஞ்ச் வச்சு எதிர் எதிரா இறுக்குங்க.

ஃபோர்டு 9 இன்ச் டிஃப்புக்கு டிராகுக்குனே 9310 ஸ்டீல்ல கியர் வருது, அடியைத் தாங்கும், ஆனா ரோட்டுல ஓட்டினா சீக்கிரம் தேஞ்சிடும். வேலைக்கும் அதே காடியிலதான் போறீங்கன்னா அது வேணாம்.

புது கியர் போட்ட அன்னைக்கே லாஞ்ச் பண்ணிடாதீங்க. நான் கோலகங்சார் வரைக்கும் மெதுவா ஓட்டி, அங்க டீ குடிச்சு டிஃப் நல்லா ஆறுன பிறகுதான் திரும்புவேன், இப்படி ரெண்டு மூணு தடவை. 800 கிலோமீட்டர்ல ஜிஎல்-5 கியர் ஆயிலை மாத்துங்க, வடிச்ச பழைய ஆயிலை விரல்ல தேச்சுப் பாருங்க. மாவு மாதிரி இருந்தா பரவால்ல, துண்டு துண்டா இரும்பு தட்டுப்பட்டா உடனே பிரிச்சுடுங்க.