பழைய கார் பத்தே நாளில் படுத்துவிட்டால்

கேள்வி: பழைய கார் விற்கும் வியாபாரியிடம் வாங்கிய வண்டி பத்து நாளில் கியர் விழாமல் நின்றுவிட்டது. 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பார்த்தீர்கள், சரி, கியர்பாக்ஸைப் பிரித்தா பார்க்க முடியும்? பழைய வண்டி என்றால் தேய்மானம் இருக்கும், அதற்கு யாரையும் பிடிக்க முடியாது. ஆனால் கோளாறு தெரிந்தே மறைத்தார், கிலோமீட்டரைத் திருத்தினார் என்று காட்ட முடிந்தால் 'உள்ளது உள்ளபடி' என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அவர் தப்புவது கஷ்டம். அவசரப்பட்டு ரிப்பேர் பார்த்துவிடாதீர்கள், அப்புறம் ஆதாரமே போய்விடும். முதலில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, கோளாறு விற்பதற்கு முன்பே இருந்ததா என்று எழுதி வாங்குங்கள். விளம்பரம், வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம். பிறகு கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் புகார்தான். தனியாளிடம் வாங்கியிருந்தால் பிடி இன்னும் தளர்வாக இருந்திருக்கும்.