ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டு வண்டி ஓட்டினால் ஆபத்து இல்லைதானே?

கை ரெண்டும் ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், அப்புறம் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டன் – தலவாக்கலை ரோட்டில் பதினோரு வருடமாக வேன் ஓட்டும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒருநாள், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த தம்பி கோல் எடுத்தான். "அண்ணே, அம்மாவோட கிளினிக் கொப்பி எங்க?" காதில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. பேசிக்கொண்டே மனதுக்குள் வீட்டைத் தேட ஆரம்பித்தேன். ஷோகேஸ் மேலே, அம்மாவின் தலையணைக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் தொங்கும் பை... அதற்குள் ஒரு வளைவு. எந்த வளைவிலும் என் கை தானாகவே ஹோர்ன் அடித்துவிடும். அன்றைக்கு அடிக்கவில்லை. திரும்பினால், தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ரோட்டைக் கடக்கும் பெண்கள். என் கண் அவர்கள் மீதுதான் இருந்தது, சத்தியமாக. ஆனால் அவர்கள் கத்திய பிறகுதான் 'ஆள்' என்று மண்டையில் ஏறியது. ஒரு கை தூரத்தில் வேன் நின்றது. ஓர் அக்கா பொனெட்டில் ஓங்கி அடித்தார்: "என்னா தம்பி, தூங்குறியா?"

காதிலோ தம்பி நிறுத்தவே இல்லை. "தலகாணிக்குக் கீழயும் இல்லண்ணே..."

விஷயமே இதுதான். பக்கத்து சீட்டில் இருப்பவர் வளைவைப் பார்த்தால் தானாக வாயை மூடுவார். போனில் இருப்பவருக்கு வளைவு தெரியாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் வண்டி ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கணினியில் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினாலும் கவனம் ஒரே மாதிரித்தான் கெட்டது என்று 2001இல் எழுதினார்கள். குரலால் இயக்கும் சில கார்க் கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 வினாடி வரை ஆகலாம் என்பது 2015இல் அவர்கள் கண்டது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலும் 27 வினாடியில் 225 மீட்டர். எங்கள் ரோட்டில் அதற்குள் ரெண்டு மூன்று வளைவு வந்துவிடும்!

மெசேஜ் இன்னும் மோசம். பள்ளத்தில் சிக்னல் போய், மேட்டில் ஏறியதும் வாட்ஸ்அப் மொத்தமாகக் கொட்டும். வளைவில்தான் அந்தச் சத்தம் வரும்.

சரி, கொப்பி? போன கிளினிக்குக்கு அம்மாவை நான்தான் கூட்டிப்போனேன். வேன் டேஷ்போர்ட் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. இப்போது ஓடும்போது போனுக்கும் அங்கேதான் இடம்.