உங்கள் பங்கில் (கத்தோலிக்கக் கோவில் வட்டாரத்தில்) பணியாற்றிய பாதிரியார்களில் மறக்க முடியாதவர் யார்? அவரால் மக்களிடம் என்ன மாற்றம் வந்தது?

வடசென்னையில், ஹார்பர் வேலையையும் கடலையும் நம்பிப் பிழைக்கிற பகுதி எங்கள் பங்கு. தொண்ணூறுகளில் அங்கே பங்குத்தந்தையாக இருந்தவரைத்தான் சொல்வேன். பெயர் எழுதவில்லை, அவருக்கு அது பிடிக்காது. எங்கள் தெருக்காரர்கள் யாராவது படித்தால் பாதியிலேயே தெரிந்துகொள்வார்கள்.

பிரசங்கத்தில் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. மெல்லிய குரல், பின்வரிசைக்குச் சரியாகக் கேட்காது. ஆனால் நாலு பேர் பார்க்க ஒருவர் தலைகுனிந்து நிற்கும்படி அவர் எவரையும் விட்டதில்லை. அவரிடம் நான் கண்ட பெரிய குணம் அதுதான்.

எங்கள் பங்கின் வின்சென்ட் தே பால் சபை கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கும். அவர் வருவதற்கு முன்பு ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பெயர் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். அப்பாவுக்கு ஹார்பரில் கூலி வேலை. கப்பல் வராத வாரம் கையில் காசு இருக்காது. அதனால் அந்த வரிசையில் அம்மாவும் நின்றிருக்கிறார். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்க்கப் பையை நீட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஃபாதர் வந்த கொஞ்ச நாளில் அந்த வரிசையை நிறுத்தினார். இனிமேல் அரிசி சாயங்காலத்தில் வீட்டுக்குப் போகும், சபைக்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் போய் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு வர வேண்டும் என்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு யார் மாடி ஏறுவது என்று சிலர் முணுமுணுத்தார்கள். 1833இல் பாரிஸில் ஓசானாமும் நண்பர்களும் இந்தச் சபையைத் தொடங்கியபோதே ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் வேலையாக இருந்தது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. ஹவுசிங் போர்டு மாடிப்படியில் ஒரு கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து அவரே ஏறி வந்தார். அன்றைக்கு அம்மா அவருக்கும் கூட வந்தவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். வாசலில் வரிசையில் நின்று வாங்கிய காலத்தில் அம்மாவால் யாருக்கும் எதுவும் கொடுக்க முடிந்ததில்லை.

இன்னொன்றை எழுத இப்போதும் கை தயங்குகிறது. எங்கள் அன்பியத்தில், அதாவது ஜெபத்துக்கும் உதவிக்கும் ஒன்றுசேர்கிற பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களின் குழுவில், ஒரு வீட்டுப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். தெருவில் முதலில் கிளம்பிய பேச்சே, "கோவிலுக்குள்ள ஏத்த மாட்டாங்க" என்பதுதான். 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. பெரியவர்கள் மனதில் பழைய பயம் அப்படியே இருந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வருவதற்கு முன்பே ஃபாதர் அந்த வீட்டுத் தரையில் பையனின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "சாமி, எம்புள்ளைக்கு மணி அடிப்பாங்களா?"

"அடிப்போம்மா. பூசையும் வைப்போம். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடி வீட்டிலிருந்து கோவில் வரை பெட்டிக்கு முன்னால் நடந்து வந்தார். துக்க மணி அடித்தது. பூசையில் அவர் பேசியது சில வரிகள்தான். அவன் மனசு என்ன பாடு பட்டது என்று நமக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும். ஏன், எப்படி என்று அந்த வீட்டில் போய் யாரும் கேட்காதீர்கள், சாப்பாடு கொண்டு போங்கள். அன்று பின்வரிசை வரைக்கும் கேட்டது, கோவில் அவ்வளவு அமைதியாக இருந்தது. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அன்பியத்து வீடுகளிலிருந்து முறை வைத்துச் சாப்பாடு போனது. கோவிலுக்குள் ஏற்ற மாட்டார்கள் என்று முதலில் சொன்ன பாட்டியும் மீன் குழம்பு கொண்டு போனார். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை தன் வழக்கமான இடத்திலேயே வந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பெண்கள் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒரு சாமியார் ஒரு தெருவை மாற்ற முடியும் என்று அதற்கப்புறம்தான் நான் நம்பினேன்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நன்மை (நற்கருணை அப்பம்) கொண்டு போவதையும் அவர் தவறவிட்டதில்லை. பூசையில் உதவும் பீடச்சிறுவனாக நானும் கூடப் போயிருக்கிறேன். அழுக்குத் துணியோ மூத்திர நாற்றமோ அவர் முகத்தில் எந்தச் சுளிப்பையும் கொண்டுவராது. கட்டிலோரம் மண்டியிட்டு, வயதானவர்களின் காதோடு பேசுவார்.

மாற்றல் வந்தபோது ஜனங்கள் வேன் பிடித்து சாந்தோமில் பேராயரைப் பார்த்து முறையிடப் புறப்பட்டார்கள். ஃபாதர் கேட் அருகே வந்து, குருப்பட்டம் வாங்கியபோது கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான், என்னை மீற வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வேன் திரும்பிப் போனது. ஒரு சூட்கேஸ், கொஞ்சம் புத்தகம், அவ்வளவுதான் அவர் எடுத்துப் போனது. சில வருஷங்களுக்கு முன் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு எங்கள் தெருவே போனது.

அவருக்குப் பிறகு பல பங்குத்தந்தையர் வந்து போய்விட்டார்கள், அரிசி வரிசை திரும்பி வரவில்லை. 2020 ஊரடங்கில் வெளியிலிருந்து மளிகைப் பொருள் கொண்டு வந்த ஒரு குழு, கோவில் மைதானத்தில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொள்ளக் கேட்டது. அன்று அங்கே பொறுப்பில் இருந்தவர்கள், அவர் மாற்றலாகிப் போன பிறகு பிறந்த பையன்கள். "பொருளை வச்சிட்டுப் போங்கண்ணா, நாங்களே வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்துடுறோம். போட்டோ வேணாம்" என்றார்கள். அந்த வாரம் முழுக்க டூவீலரில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள்.