மைத்துனர் காருக்கு உங்கள் மாலை வேலையா?

கேள்வி: எனக்கு வயது 47. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் 15 ஆண்டுகளாக மெஷின் ஆபரேட்டர். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். ஆறு வாரங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2.6 லட்சம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் 2 லட்சம் கொடுத்தது. மீதி 60,000 ரூபாயை கிரெடிட் கார்டில் கட்டினேன். மாதம் 3,000 ரூபாய் மட்டும் செலுத்தி வருகிறேன். வரும் திங்கள் முதல் வேலைக்குப் போகலாம், ஒரு ஷிப்டுக்கு மேல் கூடாது என்கிறார் டாக்டர். ஆனால் நான் ஷிப்ட் முடிந்ததும் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இரவு பத்து மணி வரை வேலை செய்துவந்தேன். மாதம் 12,000 கிடைக்கும். அது இல்லாவிட்டால் 11,900 ரூபாய் தவணை கட்ட முடியாது. மனைவியின் தம்பி டாக்ஸி வாங்க என் பெயரில் எடுத்த 5 லட்சம் பெர்சனல் லோன் அது. ஓராண்டு அவன் கட்டினான். பிறகு எட்டு மாதம் நான் கட்டினேன். இந்த மாதத் தவணை கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டது. வண்டியை வேறு டிரைவருக்கு நாள் வாடகைக்கு விட்டிருக்கிறான். ஓட்டம் இல்லை என்கிறான். மனைவிக்கு எதுவும் தெரியாது. செலவைக் குறைக்க, இரண்டு வேளை போடச் சொன்ன மாத்திரையை ஒரு வேளைதான் போடுகிறேன். நண்பர் ஒருவர், மாதம் 5,000 கட்டினால் உத்தரவாத வருமானம் தரும் பாலிசி எடுக்கச் சொல்கிறார். பட்டறைக்கு எப்போது திரும்பலாம்?

பதில்: கடிதத்தில் போகிற போக்கில் மாத்திரையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் படியுங்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பதற்கான மாத்திரையாகத்தான் அது இருக்கும். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஓராண்டாவது தரப்படுகிறது. அதைக் குறைக்கவோ நிறுத்தவோ டாக்டரைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் சேர்த்து. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். ஒரு வேளை மட்டும் போட்டு வந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைவிட மலிவான மாத்திரையும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எழுதித் தருவதை, மலிவு விலையில் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள்.

இனி பட்டறை. அங்கே 12,000 வருகிறது, தவணை 11,900. பாக்கி நூறு ரூபாய். எட்டு மாதமாக இரவு பத்து மணி வரை லேத் முன்னால் நின்றது உங்கள் குடும்பத்துக்காக இல்லை, மைத்துனரின் காருக்காக. அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்தத் தவணையை நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள் என்பதை.

ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கும், கடன் உங்கள் பெயரில். வங்கிக்கு உங்கள் மைத்துனர் யாரென்றே தெரியாது. தவணை திரும்பினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்குவது உங்களுக்குத்தான். வட்டி 15 சதவீதம், ஐந்து ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால் இருபது தவணை போக அசல் பாக்கி சுமார் 3.7 லட்சம். எட்டு மாதத்தில் நீங்கள் கட்டியது 95,000 ரூபாய். மருத்துவமனையில் கார்டில் கட்டிய 60,000 ரூபாய் கையில் இல்லாமல் போனது எங்கே என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஓட்டம் இல்லை என்ற பேச்சை நான் நம்பவில்லை. நாள் வாடகை என்றால், சவாரி வந்தாலும் வராவிட்டாலும் டிரைவர் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். 600 ரூபாய், மாதம் 25 நாள் என்று குறைத்தே வைத்தாலும் 15,000. தவணை போக மூவாயிரம் மிஞ்சுகிறது. வண்டி சம்பாதிக்கிறது, பணம் வேறு பக்கம் போகிறது.

இன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பிறந்த வீட்டுப் பேச்சு என்று தயங்குவது புரிகிறது. ஆனால் தம்பியிடம் அவர் பேசுவதற்கும் நீங்கள் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் மாப்பிள்ளை பணத்துக்காகச் சண்டை போட்டார் என்று ஆகும். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டால் அவரால் மழுப்ப முடியாது. நீங்கள் கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: வாடகையை டிரைவர் நாள்தோறும் ஜிபேயில் நேராக உங்கள் கணக்குக்கு அனுப்ப வேண்டும். தவணை போக மிச்சத்தை மாதக் கடைசியில் மைத்துனருக்கு நீங்கள் கொடுங்கள். இரண்டு மாதம் பாருங்கள். ஒழுங்காக வரவில்லை என்றால் காரை விற்றுக் கடனை அடைக்கச் சொல்லுங்கள். விலையில் சிறிது குறைந்தால், அந்தக் குறையை அவர் எழுதித் தரட்டும்.

இந்தப் பேச்சு முடிவதற்குள் அடுத்த தவணையும் திரும்பிவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு வங்கிக் கிளைக்கு நேரில் போய் அவகாசம் கேளுங்கள். மீதிக் கடனை ஐந்து ஆண்டுக்கு நீட்டித் தந்தால் தவணை 8,900 அளவுக்கு இறங்கும். மொத்தத்தில் ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். அதனால் கடனை நீட்டுவதை, மைத்துனர் அடியோடு கைவிரித்தால் மட்டும் யோசியுங்கள்.

கிரெடிட் கார்டு அவசரம். மாதம் 3.5 சதவீதம் என்றால் 60,000 ரூபாய்க்கு வட்டி 2,100. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 2,480. நீங்கள் கட்டும் 3,000 ரூபாயில் அசலுக்குப் போவது ஐந்நூற்றுச் சொச்சம். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள் என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு மாற்றிச் சொல்கிறேன். மருத்துவக் காரணம் காட்டி அதில் ஒரு பகுதியை எடுக்கலாம், திரும்பக் கட்ட வேண்டியதில்லை. 2024-25-க்கு 8.25 சதவீதம் வட்டி தந்த பணத்தை எடுத்து, ஆண்டுக்கு 42 சதவீதம் தின்னும் கடனை அடைப்பதில் தவறே இல்லை. அறுபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். எடுத்த பணம் மைத்துனர் கடன் பக்கம் போகவும் கூடாது.

பாலிசி நண்பருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். உத்தரவாத வருமானம் என்று விற்கப்படுபவற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து, ஆறு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. மாத்திரைக்கே காசில்லாதவர் தலையில் மாதம் 5,000 ரூபாயைக் கட்டப் பார்க்கிறவர் என்ன நண்பர்! உங்களுக்கு வேண்டியது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் 2 லட்சத்தை நம்பி இருக்க முடியாது. வேலை போனால் அதுவும் போகும். ஸ்டென்ட் வைத்ததை விண்ணப்பத்தில் அப்படியே எழுதிக் கேளுங்கள். பிரீமியம் கூடும், சில நிறுவனங்கள் மறுக்கும். கொடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். ஸ்டென்ட் பற்றி எழுதவே வேண்டாம் என்று சொல்லும் ஏஜென்ட் யாராவது வருவார். க்ளெய்ம் நிராகரிக்கப்படும் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார்.

திங்கட்கிழமை போகும்போது, ஒரு ஷிப்ட் மட்டும், பளு தூக்கக் கூடாது என்று டாக்டரிடம் சான்றிதழில் எழுதி வாங்கி எச்.ஆரிடம் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் கேட்டால் இப்போதைக்கு வர முடியாது என்று சொல்லுங்கள், தேதி எதுவும் சொல்லாதீர்கள்.